இருந்திருக்கும்

முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம்
தகரக் கொட்டிலில் என் கணினி.
பிராது, சத்தியக்கடதாசி, அற்றோணித் தத்துவம்,
எதுவானாலும் பக்கம் நூறு ரூபாய்.

வழக்காளி: முத்தையன்கட்டு வலதுகரை,
கதிரேசு புஸ்பவதி.
எதிராளி: ஒட்டுசுட்டான், நல்லையா கஜரூபன்,
அறுவடை மெஷின் உரிமையாளர்.

மூலம் இவ்வளவுதான்.
மாசி ஏழாம் திகதி வருவதாகப்
பத்தாயிரம் முற்பணம் வாங்கிய மெஷின்
கூடின காசுக்கு நெடுங்கேணிப் பக்கம் போய்விட்டது.
ஒன்பதாம் திகதி பின்னேரம்
பருவம் தப்பிய மழை பிடித்து
நாலு நாள் விடவில்லை.
சாய்ந்த கதிரில் முளை வந்தது
பால்பல்லுப் போல வெள்ளையாய்.

"மழைக்கு நான் பொறுப்பில்லை."
"மழைக்கு இல்லைத் தம்பி, ஏழாம் திகதிக்கு"
என்றார் எங்கள் சட்டத்தரணி அம்மா.

புஸ்பவதி சொல்லச் சொல்ல நட்டங்களை அடித்தேன்:
நெல்லு.
அடைவில் மூழ்கின ஒரு சோடித் தோடு.
மகன் வகுப்பை விட்டுப்போட்டு
கொழும்பில் ஒரு கடையில் நிற்பது.

சிவப்புப் பேனை நெல்லைத் தாண்டியதும்
குறுக்கே கோடு போட்டது.
"தூரத்து நட்டம், அக்கா. கோட்டில எடுபடாது.
பேசின நேரம் அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணும்
வராட்டில் இன்னது நடக்குமெண்டு."

"ஏன் தெரியாது?
போன வருசம் அந்த மெஷினுக்குப் பின்னால
என்ர பெடியன்தானே மூடை கட்டினவன்."

பேனை கொஞ்சம் நின்றது.
பிறகும் கோடு கோடாகவே இருந்தது.

மழைக்குள் இறங்கி, அரிவாளால் அரிந்து,
எட்டு மூடையைக் கரையேற்றியிருந்தாள்.
நட்டத்தைக் குறைப்பது வழக்காளியின் கடமை.
ஆகவே எட்டும் கழிவு.
அரிந்த கூலிக்கு ரசீது ஏதும்?
"நாரிக்கு ஆர் பிள்ளை ரசீது தருவினம்."

அறுபத்திரண்டில் எட்டுப் போக ஐம்பத்துநாலு.
மூடை ஆறாயிரம்.
கட்டாமல் மிச்சம் பிடித்த மெஷின் கூலி
இருபதாயிரம் கழித்து
மூன்று இலட்சத்து நாலாயிரம்.
அதன் கீழே வழமையான வரி:

ஒப்பந்தம் நிறைவேற்றப்பட்டிருந்தால்
வழக்காளி எந்நிலையில் இருந்திருப்பாரோ
பணத்தால் இயன்றவரை
அந்நிலையில் அவரை வைக்குமாறு.

வாரத்துக்கு மூன்று தரமாவது அடிக்கிற வரி.
விரல் தன்பாட்டில் போகும், நான் தேத்தண்ணி குடிப்பேன்.
அன்றைக்கு அவள் வாய்விட்டு வாசித்ததால்
எனக்கும் கேட்டது.
நடந்ததுமில்லை, இனி நடக்கப்போவதுமில்லை.
அப்படியொரு காலம் எங்கள் வினைச்சொல்லில் கிடக்கிறது,
கோட்டில் அதற்கு மூடைக்கு ஆறாயிரம்.

நாலாம் தவணையில் இணக்கம்.
இரண்டு இலட்சம், மாதம் இருபதாயிரமாக.
முதல் காசைக் கஜரூபன்
என்ர மேசையில் வைத்துத்தான் எண்ணினான்.
"வாற போகம் முதல் வயல் உங்கடதான், அக்கா."
"திகதியை எழுதித் தா."
எழுதினான். கீழே கையெழுத்தும் வைத்தான்.

அவன் போன பிறகும் அவள் போகவில்லை.
பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"அந்த வரி இருக்கல்லோ தங்கச்சி,
இருந்திருப்பாரோ எண்டு வாறது.
அதை வேற ஒண்டுக்கும் போடலாமோ?"

எதுக்கு என்று நான் கேட்கவில்லை.
இந்தப் பக்கத்தில் ஆரும் கேட்பதில்லை.
படிவத்தைத் திறந்து,
"எதிராளியின்ர பேரும் விலாசமும் வேணும், அக்கா" என்றேன்.

வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மணல் ஏற்றிய டிப்பர் இரண்டு போயின.
"விலாசம்" என்றாள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் கோடு மின்னி மின்னி நின்றது.
ஐந்து மணிக்குக் கரண்ட் போனது.
ஒரு பக்கமும் அடிக்கவில்லை என்றேன்.
கேளாமல் நூறு ரூபாயை வைத்துவிட்டு
ஒட்டுசுட்டான் பஸ்ஸுக்கு நடந்தாள்.